2,500 டாலர் துப்பாக்கியில் குறி ஏன் நன்றாக விழுகிறது?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். அமெரிக்கா வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. அலுவலக நண்பர்களோடு வார இறுதியில் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போய்ப் பழகிவிட்டீர்கள். அங்கே வாடகைக்குத் தரும் கிளாக் கைத்துப்பாக்கியில் சுட்டால் தோட்டாக்கள் சிதறுகின்றன. நண்பருடைய 2,500 டாலர் ஸ்டக்காட்டோவில் சுட்டால் ஒரே இடத்தில் போய் விழுகின்றன. பொழுதுபோக்குக்காகச் சுடுகிற ஒருவர் காசு சேர்த்து அப்படி ஒன்றை வாங்குவது தகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

விலை இருக்கட்டும், எந்த விசாவில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லையே. ஹெச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற குடியேற்றமில்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது இங்கே கூட்டாட்சிச் சட்டம். சொந்தமாக வாங்கினால்தான் குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் இதில் மாட்டும். கவுன்டரில் யாரும் விசாவைப் பற்றிக் கேட்கவில்லை என்பதால் அது சரியாகிவிடாது. பெரும்பாலானோருக்குப் பயன்படும் விதிவிலக்கு ஒன்று உண்டு: ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருக்க வேண்டும். அதை எடுத்துவிட்டு ரேஞ்சுக்குப் போங்கள். துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை கிடைத்தால் நாடுகடத்த அதுவே போதுமான காரணம், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். "என் பெயரில் வாங்கித் தருகிறேன், பணத்தை நீ கொடு" என்று நண்பர் சொன்னால் உடனே மறுத்துவிடுங்கள். கடையில் நிரப்பும் 4473 படிவத்தின் முக்கியக் கேள்வியே உண்மையில் யாருக்காக வாங்குகிறீர்கள் என்பதுதான், அதில் பொய் சொல்வது கடுங்குற்றம். கிரீன் கார்டு கைக்கு வந்துவிட்டதென்றால் இந்த விசாச் சிக்கல் இல்லை, மேலே படியுங்கள்.

சரி, நண்பரின் துப்பாக்கியில் குறி நன்றாக விழுந்தது உங்கள் பிரமை இல்லை. கிளாக் 17-ஐ ஆஸ்திரிய ராணுவம் 1982-இல் ஏற்றுக்கொண்டது. பாலிமர் உடல், தோட்டாக்களை அடைக்கும் மேகசினைக் காலியாகச் சேர்த்தாலும் 700 கிராம்தான். விசையை, அதாவது ட்ரிக்கரை, இழுக்க ஏறக்குறைய இரண்டரை கிலோ அழுத்தம் வேண்டும், எந்த இடத்தில் வெடிக்கும் என்பதும் விரலுக்குக் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும். ஸ்டக்காட்டோ வேறு பரம்பரை. ஜான் பிரவுனிங் வடிவமைத்து 1911-இல் அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்ட துப்பாக்கியின் பேரன் அது, இரட்டை வரிசை மேகசினோடு. விசை நேர்கோட்டில் பின்னால் நகரும், தூரம் குறைவு, அழுத்தமும் குறைவு, கண்ணாடிக் குச்சி ஒடிவதுபோல் சட்டென்று விடும். எடையும் கூடுதல். தோட்டா ஒன்றேதான் என்றால் கனமான துப்பாக்கி மெதுவாகத்தான் பின்னால் உதைக்கும், இது பள்ளிக்கூட இயற்பியல். விசை இழுக்கும்போது கை செய்யும் தவறுகளுக்கு அங்கே இடம் குறைவு, அவ்வளவுதான்.

ஆனால் தவறுகள் போய்விடவில்லை, மறைந்துதான் இருக்கின்றன. ஆடத் தெரியாதவன் மேடை கோணல் என்றானாம். இங்கே மேடை நேராக இருப்பதால் ஆட்டம் வந்துவிட்டது என்று ஒரு நினைப்பு. நம்பிக்கை இல்லையென்றால் ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் மேகசினை நண்பரை நிரப்பச் சொல்லுங்கள், நடுவில் எங்கேயாவது ஒன்றிரண்டு டம்மி, அதாவது வெடிக்காத, தோட்டாக்களை அவர் சேர்க்கட்டும், எங்கே என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. டம்மி வரும்போது வெடிச் சத்தம் இருக்காது. ஆனால் வரப்போகும் உதைக்கு முன்கூட்டியே பயந்து நீங்கள் துப்பாக்கியின் முனையைக் கீழே தள்ளுவது பளிச்சென்று தெரியும். வலக்கைக்காரர்களின் தோட்டாக்கள் குறிக்குக் கீழே, இடப்பக்கமாகப் போவதற்கு இது பெரிய காரணம். எவ்வளவு விலை கொடுத்தாலும் கடையில் இதற்கு மருந்து கிடையாது.

காசு எங்கே போகிறது என்றும் பார்த்துவிடலாம். ஆர்கன்சா மாநிலத்தில் பெர்ரிவில் என்று ஒரு சிற்றூர். விலையுயர்ந்த கைத்துப்பாக்கி செய்யும் வில்சன் காம்பாட், நைட்ஹாக் நிறுவனங்கள் இரண்டுமே அங்கேதான் இருக்கின்றன. நைட்ஹாக்கில் ஒரு துப்பாக்கியை முதலிலிருந்து கடைசிவரை ஒரே கைவினைஞர் சேர்த்து முடிக்கிறார். மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடும் உடலும் குழலும் உரசிப் பொருந்தும் வரை கையால் ராவி எடுப்பார்கள். விலை 3,000 டாலருக்கு மேல் தொடங்கி எங்கேயோ போகும். வில்சன் தன் 1911 வகைத் துப்பாக்கிகள் பலவற்றுக்கு 25 கெஜத்தில் ஓர் அங்குலத்துக்குள் தோட்டாக்கள் விழும் என்று உத்தரவாதமே தருகிறது. சாதாரண கிளாக்கை மேசையில் தாங்கி வைத்துச் சுட்டால் அதே தூரத்தில் மூன்று அங்குலம் வரும் என்று வையுங்கள். நீங்களும் நானும் நின்றுகொண்டு, இரண்டு கையாலும் பிடித்து, 7 கெஜத்திலேயே ஓர் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறடிக்கிறோம். அந்த இரண்டு அங்குல வித்தியாசத்தைப் பார்க்கும் நிலைக்கு வருவதற்கே பல வருடம் வேண்டும்.

இறுக்கமாகப் பொருத்திய துப்பாக்கிக்கு இன்னொரு குணமும் உண்டு. முதல் சில நூறு தோட்டாக்கள் சுட்டுப் பழகும் வரை நடுவில் தோட்டா சிக்கி நின்றுவிடலாம், எண்ணெய் அதிகம் கேட்கும். கிளாக் மேகசின் 30 டாலருக்குள் கிடைக்கும், ஸ்டக்காட்டோவின் சொந்த வகை மேகசினுக்கு அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். விலைச் சீட்டில் இதெல்லாம் தெரியாது.

இந்தப் பொழுதுபோக்கில் பெரிய செலவு தோட்டாதான். 9 மி.மீ. தோட்டா ஒன்றுக்கு இப்போது சுமாராக 25 சென்ட் வைத்துக்கொள்ளுங்கள். மாதம் இரண்டு தடவை போய்த் தடவைக்கு 150 சுட்டால் 75 டாலர், வருடத்துக்கு 900. ரேஞ்சுக் கட்டணம் தனி. கிளாக் 550 டாலர், ஸ்டக்காட்டோ 2,500 என்று வைத்தால் இடைவெளியில் ஏறக்குறைய 7,800 தோட்டாக்கள் இருக்கின்றன. அதில் ஒரு பகுதியை ஒரு நல்ல பயிற்சியாளரின் இரண்டு நாள் வகுப்புக்குக் கொடுத்துவிட்டு மீதியைச் சுட்டுத் தீர்த்தால், அடுத்த வருடம் நண்பரின் துப்பாக்கியை நீங்கள் அவரைவிட நன்றாகச் சுடுவீர்கள். காசே செலவில்லாத வழியும் இருக்கிறது. வீட்டில் துப்பாக்கி காலிதான் என்று இரண்டு முறை பார்த்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, பாதுகாப்பான திசையில் விசையை மட்டும் இழுத்துப் பழகுவது. டிரை ஃபயர் என்பார்கள். சலிப்பான வேலைதான், ஆனால் இதைப்போல் பலன் தருவது வேறில்லை.

என்னைக் கேட்டால் முதல் துப்பாக்கியாக 9 மி.மீ.கூட வேண்டாம் என்பேன். ருகர் மார்க் 4 போன்ற, சின்னத் தோட்டா போடும் .22 கைத்துப்பாக்கி ஒன்று வாங்குங்கள். தோட்டா பத்து சென்டுக்குள் கிடைக்கும், உதை மிகக் குறைவு, பயம் பழகாமல் கை மட்டும் பழகும். அப்புறம் கிளாக் வகையில் ஒன்று. அதற்கும் மேலே ஆசை இருந்தால் சிஇசட் ஷேடோ 2 வரை போகலாம். செக் நாட்டுத் தயாரிப்பு, முழு எஃகு, 1.3 கிலோ கனம், 1,500 டாலரை ஒட்டிய விலை. என் கணக்கில், கொடுத்த காசுக்குக் கையில் வித்தியாசம் தெரிவது இந்த இடம் வரைக்கும்தான். அதற்கு மேல் கொடுப்பது வேலைப்பாட்டுக்கும் பெயருக்கும்.

வேலைப்பாட்டுக்குக் காசு கொடுப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. என்னிடம் அப்படி ஒரு 1911 இருக்கிறது. ஸ்லைடை இழுத்தால் உருண்டைத் தாங்கியில் ஓடுவதுபோல் வரும், அதற்காகவே சில நாள் எடுத்துத் துடைத்து வைப்பேன். அதை ரசித்துத்தான் வாங்கினேன், குறி திருந்தும் என்று நினைத்து வாங்கவில்லை. நீங்களும் அந்த மனநிலையில், கடன் அட்டையில் ஏற்றாமல் வாங்குவதாக இருந்தால் தாராளமாக வாங்குங்கள். பேர்போன தயாரிப்புகளைத் திரும்ப விற்றாலும் பெரிதாக நட்டம் வராது, நாமாக எதையாவது மாற்றிக் குடையாத வரை.

போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால் ஒரு தகவல். யுஎஸ்பிஎஸ்ஏ என்ற சங்கம் நடத்தும் துப்பாக்கிச் சுடும் போட்டிகளில் துப்பாக்கியின் வகையைப் பொறுத்துப் பிரிவுகள் உண்டு. ஸ்டக்காட்டோவைப் புரொடக்‌ஷன் பிரிவில் சேர்க்க மாட்டார்கள், அதோடு போனால் இன்னும் வேகமான ஆட்களோடு நிற்க வேண்டும். கிளாக்குக்கும் ஷேடோ 2-க்கும் அங்கே இடம் உண்டு.

மாநில விதிகளையும் பாருங்கள். நியூ ஜெர்சியில் ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் தனி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், மேகசினில் 10 தோட்டாவுக்கு மேல் கூடாது. கலிஃபோர்னியாவில் மாநிலப் பட்டியலில் இல்லாத மாடலைக் கடையில் புதிதாக வாங்க முடியாது, வாங்கியதும் பத்து நாள் காத்திருக்க வேண்டும். டெக்சாஸில் இதெல்லாம் கிடையாது. பக்கத்து மாநிலத்தில் மலிவு என்று கைத்துப்பாக்கியை அங்கிருந்து நேராகக் கொண்டுவரவும் முடியாது, உங்கள் மாநிலத்து உரிமக் கடை வழியாகத்தான் வர வேண்டும்.

வீட்டில் குழந்தை இருந்தால் முதல் செலவு பூட்டுப் பெட்டி. ரேஞ்சிலிருந்து வந்ததும் கை கழுவி, உடை மாற்றிவிட்டுத்தான் குழந்தையைத் தூக்க வேண்டும், ஈயத் தூசு ஒட்டியிருக்கும். ரேஞ்சுக்கென்று ஒரு பையை ஒதுக்கிவிடுங்கள், ஊருக்குப் போகும்போது அந்தப் பையை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். அடியில் தெரியாமல் கிடந்த ஒற்றைத் தோட்டாவுக்காக இந்திய விமான நிலையத்தில் ஆயுதச் சட்டத்தில் வழக்கு வாங்கி, விடுமுறை முழுக்க வக்கீல் வீட்டுக்கு அலைந்தவர்கள் உண்டு.