மகளைப் பார்த்துவிட்டு வந்த மறுநாளே டியூட்டியா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எனக்கு 54 வயது, தாலுகா ஆபீசில் வேலை. மகள் நியூஜெர்சியில் இருக்கிறாள், ஜூன் கடைசியில் பிரசவம். விசா கிடைத்துவிட்டது, 45 நாள் இ.எல். (ஈட்டிய விடுப்பு) எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஞாயிறு விடியற்காலை 3 மணிக்குச் சென்னையில் இறங்கி, அன்றே ரயிலில் ஊர் வந்து, திங்கட்கிழமை டியூட்டியில் சேருகிற மாதிரி மாப்பிள்ளை டிக்கெட் பார்த்து வைத்திருக்கிறார். இன்னும் பணம் கட்டவில்லை. ஒரு நாள் ஓய்வு போதும்தானே?
– வாசகி, ஸ்ரீவில்லிபுத்தூர்

பதில்: போதாதும்மா. இதை நான் படித்துச் சொல்லவில்லை, பட்டுச் சொல்கிறேன். வங்கியில் கவுண்டரில் இருந்த காலத்தில் முதல் தடவை மகனைப் பார்க்கப் போய்விட்டு, நீங்கள் சொல்கிற இதே கணக்கில்தான் திரும்பி வந்தேன். திங்கட்கிழமை காலை 11 மணிக்கு நோட்டு எண்ணிக்கொண்டே தூங்கியிருக்கிறேன். எதிரே நின்ற பெரியவர் "என்னம்மா, உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டபோதுதான் முழிப்பு வந்தது. சாயங்காலம் கணக்கில் 2,000 ரூபாய் குறைந்தது, என் கையிலிருந்து கட்டினேன்.

கோடைக்காலத்தில் நியூஜெர்சி நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. நீங்கள் ஃபைலைப் பிரித்து உட்காருகிற காலை 11 மணி, ஆறு வாரம் அங்கே பழகிய உங்கள் உடம்புக்கு நடு இரவு ஒன்றரை. உடம்பு சுமாராக ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் புது நேரத்துக்கு நகரும், அதுவும் மேற்கே போகும்போது சுலபமாக நகர்ந்துவிடும், கிழக்கே திரும்பும்போது முரண்டு பிடிக்கும். போனபோது இரண்டு மூன்று நாளில் சமாளித்துவிட்டோமே, வரும்போது மட்டும் ஏன் இப்படி என்று நிறையப் பேர் கேட்பதற்குக் காரணம் இதுதான். நம் உள்கடிகாரம் 24 மணி நேரத்தை விடக் கொஞ்சம் நீளம், அதனால் தூக்கத்தைத் தள்ளிப் போடுவது அதற்கு லேசு, முன்னால் இழுப்பதுதான் பாடு.

ஆகவே 45 நாளையும் மகள் வீட்டிலேயே செலவழிக்காதீர்கள். கடைசி நான்கு நாளாவது ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிற மாதிரி டிக்கெட்டை மாற்றச் சொல்லுங்கள். பேரக்குழந்தையோடு நான்கு நாள் குறையுமே என்று மனசு கேட்காது, தெரியும். அந்த நான்கு நாளும் பகலில் வெளிச்சம் படுகிற இடத்தில் இருங்கள், கோயிலுக்கு நடந்து போய் வாருங்கள், பகல் தூக்கம் அரை மணிக்கு மேல் வேண்டாம், ராத்திரி 2 மணிக்கு முழிப்பு வந்தால் போனை எடுத்து மகளுக்கு வீடியோ கால் போடாதீர்கள் (எல்லாரும் செய்வது இதைத்தான்).

ஆபீஸ் பக்கம் இன்னொன்று. லீவு கேட்பது வேறு, வெளிநாடு போக அனுமதி கேட்பது வேறு. அரசு ஊழியருக்கு இரண்டும் எழுத்தில் வேண்டும். இ.எல். கிடைத்துவிட்டது என்ற தைரியத்தில் அனுமதி உத்தரவு கைக்கு வராமலேயே விமானம் ஏறியவர்கள் திரும்பி வந்து விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். லீவுக்கு முன்னும் பின்னும் வரும் சனி ஞாயிறைச் சேர்த்துக்கொள்ள வேண்டுமானால் அதையும் அதே விண்ணப்பத்தில் கேட்டுவிடுங்கள். அங்கே உங்களுக்கு ஏதாவது முடியாமல் போய் லீவை நீட்டிக்க வேண்டி வந்தால், லீவு முடிவதற்கு முன்பே மெயில் போய்ச் சேர வேண்டும், வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். இதே காரணத்துக்காகத்தான் மாத்திரையையும் 45 நாளைக்கு எண்ணாமல் 60 நாளைக்கு எடுத்துப் போகச் சொல்வேன், டாக்டர் சீட்டோடு, அட்டையைப் பிரிக்காமல், கைப்பையில்.

விசாவில் 10 வருஷம் போட்டிருக்கிறது என்பதற்காகப் பத்து வருஷம் அங்கே இருக்க முடியாது. எத்தனை நாள் தங்கலாம் என்பதை இறங்குகிற இடத்தில் அதிகாரிதான் முடிவு செய்வார், பெரும்பாலும் ஆறு மாதம் கொடுப்பார்கள், அந்தத் தேதி ஐ-94 என்ற பதிவில் இருக்கும், மகளை இணையத்தில் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எதற்கு வந்தீர்கள் என்று கேட்டால், மகளையும் குழந்தையையும் பார்க்க வந்தேன், இத்தனாம் தேதி ஊரில் டியூட்டியில் சேர வேண்டும் என்று உள்ளதைச் சொல்லுங்கள். லீவு உத்தரவின் நகல் கையில் இருந்தால் அதற்கு மேல் பேச்சு வளராது.

கேள்வி: மகனுக்கு அமெரிக்காவுக்கு எடுத்துப்போகக் கறிவேப்பிலை, கொப்பரைத் தேங்காய், கசகசா எல்லாம் கட்டி வைத்திருக்கிறேன். பிரச்சினை வருமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: கறிவேப்பிலையை எடுத்து வைத்துவிடுங்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கிற நோயைப் பரப்பும் பூச்சி அதில் ஒட்டிக்கொண்டு போகும் என்பதால் பச்சைக் கறிவேப்பிலையை உள்ளே விடமாட்டார்கள். கொப்பரை இங்கேயே மாட்டும். அதன் எண்ணெய்ச் சத்தால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய சரக்கு என்று விமானத்தில் அதற்கு வகையே பிரித்து வைத்திருக்கிறார்கள். கசகசாவையும் விட்டுவிடுங்கள், வழியில் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ விமானம் மாறுகிறவர்கள் கண்டிப்பாக. அங்கே அது போதைப்பொருள் கணக்கில் சேர்ந்து, சிறை வரைக்கும் போகும். குருமாவுக்கு முந்திரி அரைத்தால் போதும். அரிசி மூட்டை கட்டியிருந்தால் அதையும் பிரித்துவிடுங்கள். வேறு தின்பண்டம் எது இருந்தாலும் இருக்கிறது என்று அதிகாரியிடம் சொல்லிவிடுவது நல்லது, மறைத்தால்தான் அபராதம்.

கேள்வி: என் கணவர் ரியாத்தில் டிரைவர். இரண்டு மாத லீவில் வந்திருக்கிறார். ரீ-என்ட்ரி (சவுதிக்குத் திரும்பிப் போகிற அனுமதி) முடிந்து பத்தாவது நாள் நாத்தனார் கல்யாணம். "ஆறு மாசம் வரைக்கும் இருக்கலாம், பத்து நாள் லேட்டானால் ஒன்றும் ஆகாது" என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள்.
– வாசகி, ராமநாதபுரம்

பதில்: பக்கத்து வீட்டுக்காரர் துபாயில் இருந்தவராக இருப்பார். அந்த ஆறு மாதக் கணக்கு அமீரகத்தினுடையது, அங்கே ரெசிடென்ஸ் விசா உள்ளவர்கள் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் பொதுவாக விசா செத்துவிடும். சவுதி வேறு. அங்கே எக்சிட் ரீ-என்ட்ரியில் போட்டிருக்கிற தேதிதான் எல்லாம், அதற்குள் உள்ளே போயாக வேண்டும். முதலாளியோ கம்பெனியோ மனசு வைத்தால், ஆள் ஊரில் இருக்கும்போதே அங்கிருந்து ஆன்லைனில் பணம் கட்டி அந்தத் தேதியை நீட்டிக்க முடியும், இக்காமாவுக்கும் (அங்கே தங்குகிற அனுமதி அட்டை) நாள் இருக்க வேண்டும். "லீவு எடுத்துக்கோ" என்று மேனேஜர் போனில் சொல்வது நீட்டிப்பு ஆகாது, பலரும் ஏமாறுவது இங்கேதான். இன்றைக்கே பேசச் சொல்லுங்கள். நீட்டித்த தேதியைக் கண்ணால் பார்த்த பிறகு பழைய டிக்கெட்டை மாற்றுங்கள். நீட்டிக்க மாட்டேன் என்றால் அவர் கிளம்ப வேண்டியதுதான். தங்கச்சி கல்யாணத்தை அண்ணன் போனில் பார்ப்பது கொடுமைதான், ஆனால் அந்தக் கல்யாணக் கடனை அடைக்கப் போவதும் அந்த வேலைதானே.

கேள்வி: அக்கா டல்லாஸில் இருக்கிறாள். இரண்டு வாரம் லீவு, மேற்கொண்டு இரண்டு வாரம் அங்கிருந்தே லேப்டாப்பில் வேலை பார் என்கிறார் என் டீம் லீட். நல்ல வாய்ப்புதானே?
– வாசகர், கோவை

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள் தம்பி. கோடைக்காலத்தில் நம் ஊர் காலை ஒன்பதரை அங்கே முந்தின நாள் ராத்திரி 11 மணி. நீங்கள் வேலை முடித்து எழுந்திருக்கும்போது அங்கே காலை 8 மணி, அக்கா ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள். அவள் திரும்பி வரும் வரை நீங்கள் தூங்குவீர்கள். இதற்கா அத்தனை டிக்கெட் காசு? அது போக, சுற்றிப் பார்க்கவும் சொந்தக்காரரைப் பார்க்கவும் கொடுத்த விசா அது, வேலை பார்க்கக் கொடுத்ததல்ல. பையில் ஆபீஸ் லேப்டாப்போடு போய் இறங்கி, அதிகாரி கேட்கும்போது டீம் லீட் சொன்னார் என்று சொல்ல முடியாது. இரண்டு வாரம் போங்கள், முழுசாக லீவில் போங்கள்.

கேள்வி: லண்டனில் தம்பி வீட்டில் இருந்து திரும்பப் போகிறேன். ஸ்கூலில் எங்கள் ஸ்டாஃப் ரூமில் 32 பேர். எல்லாருக்கும் சாக்லேட் வாங்கினால் பெட்டி தாங்குமா?
– ஆசிரியை, திருநெல்வேலி

பதில்: பெட்டி தாங்கும், ஜூன் மாதத்துத் திருநெல்வேலி வெயிலைச் சாக்லேட் தாங்காது. பிஸ்கட் டப்பா நான்கு வாங்கி மேஜையில் திறந்து வையுங்கள். ஆளுக்கொரு பொட்டலம் என்று ஆரம்பித்தால் லீவில் இருக்கிறவரின் பங்கையும் எடுத்து வைக்க வேண்டும்.