விளையாட்டைப் பாடமாக நடத்துவது எப்படி? கேள்விகளும் பதில்களும்

பள்ளியிலும் கல்லூரியிலும் விளையாட்டுகளை வைத்துப் பாடம் நடத்துவது பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள். நான் சொல்வது பலகை, சீட்டு, பகடை, கணினி விளையாட்டுகளை. மைதானத்தில் ஆடுபவற்றை அல்ல.

ஐந்தாம் வகுப்புக் கணக்குக்கு எதை எடுக்கலாம்? பொருள் வாங்கப் பணம் இல்லை.

குச்சி போதும். 21 குச்சிகளை வைத்து, இருவர் மாறி மாறி ஒன்று முதல் மூன்று வரை எடுக்கட்டும். கடைசிக் குச்சியை எடுப்பவருக்கு வெற்றி. முதலில் எதுவும் சொல்லாமல் ஆட விடுங்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு பிள்ளை, "நாலு குச்சி மிஞ்சும்போது யார் முறையோ அவங்க காலி!" என்று கத்தும். அங்கே நிறுத்தி, நாலுக்கு முன்னால் எது என்று கேளுங்கள். எட்டு, பன்னிரண்டு என்று பின்னோக்கிப் போவார்கள். ஒரு குச்சியை எடுத்து 20 வைத்தால் முதலில் ஆடுபவருக்குத் தோல்வியே இல்லை என்பது தானாக வரும்.

அப்புறம்தான் பாடமே. கடைசிக் குச்சியை எடுப்பவர் தோற்றவர் என்று விதியை மாற்றுங்கள். அதே 21 குச்சியில் இப்போது இரண்டாமவர் கை ஓங்கிவிடும். நாலின் மடங்கு என்று மனப்பாடம் செய்தவர்கள் இங்கே திணறுவார்கள்; காரணம் புரிந்தவர்கள் சமாளிப்பார்கள்.

மேல்வகுப்பில் நிகழ்தகவு?

1654-ல் பாஸ்கல், ஃபெர்மா என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர்கள் கடிதத்தில் அலசிய கணக்கைக் கொடுங்கள். இருவர் ஆளுக்கு 32 காசு வைக்கிறார்கள். முதலில் மூன்று ஆட்டம் ஜெயிப்பவருக்கு மொத்தமும். ஒருவர் இரண்டு, மற்றவர் ஒன்று ஜெயித்த நிலையில் ஆட்டம் நின்றுவிட்டால் 64 காசை எப்படிப் பிரிப்பது? பெரும்பாலும் இரண்டுக்கு ஒன்று என்பார்கள். ஆனால் அடுத்த ஆட்டத்தில் தோற்றாலும் இரண்டுக்கு இரண்டு என்று சமம்தான்; முன்னிலையில் இருப்பவருக்கு 32 நிச்சயம். மீதி 32-க்குப் பாதி வாய்ப்பு. ஆக 48-க்கு 16. சூத்திரத்தைச் சொல்வதற்கு முன்பே சண்டை போட விடுங்கள்.

வரலாறு, பொருளாதாரம்?

நிலம் வாங்கி, வாடகை வசூலித்து மற்றவர்களைத் திவாலாக்கும் பலகை ஆட்டமான மோனோபோலியின் கதை இருக்கிறதே! நிலம் சிலர் கையில் குவிவதன் கேட்டைக் காட்ட லிஸி மேகி என்ற பெண் வடிவமைத்து, 1904-ல் காப்புரிமை பெற்றது 'நிலவுடைமையாளர் ஆட்டம்'. அதிலிருந்து கிளைத்ததைத்தான் 1935-ல் பார்க்கர் பிரதர்ஸ் என்ற அமெரிக்க விளையாட்டு நிறுவனம் மோனோபோலி என்று வெளியிட்டது. கண்டிக்க உருவான ஆட்டம் கொண்டாடும் ஆட்டமாக எப்படி மாறியது? ஒரு பருவத் தேர்வுக்கே தாங்கும் கேள்வி இது. விதிக்குள் ஒரு வாதம் ஒளிந்திருப்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணத்தை நான் பார்த்ததில்லை.

கணினி அறிவியல் மாணவர்களுக்கு?

மூன்றுக்கு மூன்று கட்டத்தில் பெருக்கல் குறி, வட்டம் போடும் ஆட்டத்தில் வரக்கூடிய நிலைகள் 5,478தான். ஒவ்வொரு நகர்வும் ஒரு கிளையாகப் பிரியும் முழு மரத்தையும் நிரலில் வரைந்துவிடலாம். அதே முறையைச் சதுரங்கத்துக்குப் பொருத்தச் சொன்னால் மரம் அடங்காது. தேடலைக் குறைக்கும் வழிகளைத் தேட வேண்டிய தேவை அப்போதுதான் உறைக்கும்.

மதிப்பெண் எப்படி? ஜெயித்தவருக்கு அதிகமா?

ஐயோ, வேண்டாம். வெற்றிக்கு மதிப்பெண் கொடுத்தால், ஏற்கெனவே ஆடிப் பழகியவர்களுக்குப் பரிசு கொடுக்கிறீர்கள். வீட்டில் விளையாட்டே தெரியாத மாணவர் முதல் வாரத்திலேயே ஒதுங்கிவிடுவார். நான் கேட்பது ஒரு பக்கம்: எந்த விதியை மாற்றினீர்கள், ஆட்டம் எப்படித் திரும்பியது, ஏன்?

கல்லூரியில் சொந்தமாக ஆட்டம் வடிவமைக்கச் சொல்கிறேன். விதித்தாளை வேறு குழுவிடம் கொடுத்துவிட்டு, உருவாக்கியவர்கள் வாயைத் திறக்காமல் உட்கார வேண்டும். "இல்ல இல்ல, அந்தச் சீட்டை அங்க வைக்கணும்" என்று எழுந்துவிட்டால், விதித்தாளில் என்ன விடுபட்டது என்று அவர்களுக்கே தெரிந்துவிடும். அதைத் திருத்திய பிரதிக்குத்தான் மதிப்பெண்.

புள்ளி, பதக்கம், முன்னணிப் பட்டியல் வைப்பதும் இதில் சேருமா?

சேராது. அது ஊக்கப்பரிசு ஏற்பாடு.

தலைமை ஆசிரியர் "வகுப்பில் விளையாட்டா?" என்கிறார்.

இருபது நிமிடம் ஆட்டம், இருபத்தைந்து நிமிடம் பேச்சும் எழுத்தும் என்று திட்டத்தைக் காட்டுங்கள். முடிந்தால் மாணவர்கள் எழுதியதையும். நேரம் போதாவிட்டால் ஆட்டத்தைக் குறையுங்கள், பேச்சைக் குறைக்காதீர்கள்.