ஏர் ரைஃபிள் ஸ்கோப்பின் உயரத்தை எங்கிருந்து எதுவரை அளப்பது?

கேள்வி: நாங்குநேரி பக்கம் எங்கள் தோட்டத்தில், மண்மேட்டுக்கு முன்னால் அட்டை வைத்துச் சுட்டுப் பழகுகிறேன். பேரலை மடக்கி லோடு செய்கிற 4.5 மி.மீ. ஏர் ரைஃபிள். அதில் ஸ்கோப் மாட்டி 25 மீட்டரில் ஜீரோ செய்தாயிற்று, அதாவது குறிவைத்த இடத்திலேயே படும்படி திருத்தியாயிற்று. குண்டு எந்தத் தூரத்தில் எங்கே படும் என்று கணக்கிடும் பாலிஸ்டிக் ஆப் ஒன்று போனில் இருக்கிறது, அது ஸ்கோப் உயரத்தைக் கேட்டது. கடைக்காரர் "ஒன்றரை இன்ச் போடுங்க" என்றார், போட்டேன். ஆனால் 10 மீட்டரில் ஆப் சொல்வதைவிட 7 மி.மீ. கீழே படுகிறது. 40 மீட்டரிலோ ஏறக்குறைய அதே அளவு மேலே. ஸ்கோப்பை மாற்றித் தரச் சொல்லலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். ஸ்கோப்பில் பழுது இருப்பதாகத் தெரியவில்லை. அந்த ஒன்றரை இன்ச்தான் சந்தேகத்துக்குரியது. பல ஆப்களில் அந்த எண்ணை முதலிலேயே நிரப்பி வைத்திருப்பார்கள். ஸ்கோப்பைத் தாழ்வாக மாட்டிய பெரிய ரைஃபிளுக்கு அது ஒத்துவரும். முன்பக்கக் கண்ணாடி பெரிதாக உள்ள ஸ்கோப்பை உயரமான ரிங்கில் (ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையம்) மாட்டிய ஏர் ரைஃபிளுக்கு ஒத்துவராது.

ஆப் கேட்பது பேரல் துளையின் மையத்துக்கும் ஸ்கோப்பின் மையத்துக்கும் இடையே உள்ள தூரத்தை. ரிங்கின் உயரமோ, ரிங்கை மாட்டும் ரெயிலிலிருந்து ஸ்கோப்பின் அடிப்பாகம் வரை உள்ள இடைவெளியோ அல்ல.

அளக்க ஒரு வெர்னியர் காலிப்பர் போதும். உங்களிடம் இல்லையென்றால் லேத் பட்டறை வைத்திருக்கும் தெரிந்தவரிடம் இரவல் வாங்கி வாருங்கள். ரைஃபிளை அங்கே தூக்கிப் போக வேண்டாம். அளக்கும்போது உள்ளே பெல்லட் (குண்டு) இருக்கக்கூடாது, ஸ்பிரிங் இழுபட்டிருக்கக்கூடாது, பேரல் மூடியிருக்க வேண்டும். ஸ்கோப்பின் முன்பக்கம் பேரலுக்கு மேலே வரை நீண்டிருந்தால், அந்த இடத்தில் ஸ்கோப்பின் உச்சியிலிருந்து பேரலின் அடிவரை மொத்த உயரத்தை எடுங்கள். அதே இடத்தில் ஸ்கோப்பின் வெளிவிட்டத்தையும் பேரலின் வெளிவிட்டத்தையும் அளந்து, இரண்டிலும் பாதியைக் கழியுங்கள். மொத்தம் 81.5, ஸ்கோப் 47, பேரல் 16 என்று வைத்துக்கொண்டால், 81.5 − 23.5 − 8 = 50 மி.மீ. இன்ச்சில் கேட்டால் 1.97.

ஸ்கோப் அவ்வளவு தூரம் நீளவில்லை என்றால், ஸ்பிரிங் இருக்கும் தடித்த குழாயை வைத்து அளக்கத் தோன்றும். அது தவறான எண்ணைத் தரலாம். பல மாடல்களில் அந்தக் குழாயின் மையமும் பேரலின் மையமும் ஒரே கோட்டில் இருப்பதில்லை. அதற்குப் பதிலாக, சமமான மேசைமேல் ரைஃபிளைத் துணி மடித்து வைத்து நிறுத்துங்கள். பேரலின் இரண்டு முனையிலும் மையம் மேசையிலிருந்து ஒரே உயரத்தில் இருக்கும்படி சரிசெய்யுங்கள். அப்புறம் மேசையிலிருந்து ஸ்கோப் மையத்தின் உயரத்தை எடுத்து, பேரல் மையத்தின் உயரத்தைக் கழித்தால் வேலை முடிந்தது. ஒரு மில்லிமீட்டர் முன்பின் இருந்தாலும் பரவாயில்லை.

பரவாயில்லை என்று ஏன் சொல்கிறேன் என்றால், இந்தப் பிழைக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. சுடும் தூரத்தை ஜீரோ தூரத்தால் வகுத்து, ஒன்றைக் கழித்து, உயரத்தில் உள்ள பிழையால் பெருக்குங்கள். உங்கள் ஸ்கோப் உண்மையில் 50 மி.மீ. என்றால், ஆப்பில் ஒன்றரை இன்ச், அதாவது 38 மி.மீ. போட்டதில் பிழை 12. 10 மீட்டரில் 0.4 − 1 = −0.6, அதை 12-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 7 மி.மீ. கீழே. 40 மீட்டரில் 1.6 − 1 = +0.6, 7 மி.மீ. மேலே. நீங்கள் எழுதியதும் இதேதான்! 25 மீட்டரில் மட்டும் எல்லாம் சரியாகத் தெரியும், ஏனென்றால் அங்கேதான் ஜீரோ செய்தீர்கள். 100 மீட்டரில் ஜீரோ செய்த பெரிய ரைஃபிளில் 5 மி.மீ. பிழை 300 மீட்டரில் ஒரு சென்டிமீட்டர்தான் ஆகும், அங்கே யாரும் அதைக் கவனிக்கப்போவதில்லை. 4.5 மி.மீ. பெல்லட்டை 10 மீட்டரில் சுடுகிறவருக்கு 7 மி.மீ. பெரிய தூரம்.

இன்னொன்றும் கவனியுங்கள். 10 மீட்டரில் சரியாகப் பட்டு 40-இல் மட்டும் விலகினால், உயரத்தை விட்டுவிட்டு பெல்லட்டின் வேகத்தைச் சரிபாருங்கள். கிட்டத்தில் வேகம் அதிகம் காட்டிக்கொடுக்காது, தூரத்தில்தான் காட்டும்.

நாங்குநேரி என்று எழுதியதால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பக்கத்தில்தான் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம். அந்த ஊர்க்காரர்கள் பறவைகளுக்காக வெடிகூட வெடிக்காமல் இருப்பவர்கள். 4.5 மி.மீ.க்குள், 20 ஜூல் ஆற்றலுக்குள் உள்ள ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை என்பது பறவைகளைச் சுட அனுமதி ஆகாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது குற்றம். அட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் 'மீடியம்' ரிங் வாங்கினேன். ஸ்கோப்பின் முன்பக்கம் பேரலில் இடிக்கிறது. திருப்பித் தர முடியுமா? (பாளையங்கோட்டை வாசகர்)

பதில்: லோ, மீடியம், ஹை என்பதற்குப் பொதுவான அளவு எதுவும் கிடையாது. ஒரு கம்பெனி ரெயிலிலிருந்து வளையத்தின் உள் அடிவரை அளக்கும், இன்னொன்று வளையத்தின் மையம்வரை அளக்கும். விளம்பரத்தில் மில்லிமீட்டர் போட்டிருந்து, வந்த பொருள் அந்த அளவில் இல்லை என்றால் உங்கள் பக்கம் வலுவாக இருக்கிறது. விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கக்கூடாது என்று 2020 மின்வணிக விதிகள் சொல்கின்றன. மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழையுங்கள், அதற்கும் அசையாவிட்டால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வெறும் 'மீடியம்' என்று மட்டும் போட்டிருந்தால் வாதம் பலவீனம். கடையின் சாதாரண ரிட்டர்ன் கெடுவுக்குள் அனுப்பிவிடுவதே நல்லது.

அடுத்த ரிங் வாங்கும்முன் அடியிலிருந்து மையம்வரை எத்தனை மில்லிமீட்டர், அந்த ரிங் பொருந்தும் ரெயில் 11 மி.மீ. டவ்டெயிலா பிக்காட்டினியா (இரண்டும் ரெயில் வகைகள்; உங்கள் ரைஃபிளில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும்) என்ற இரண்டையும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.