பைத்தான் புரோகிராமை ஒரே எக்ஸ்இ ஆக்கலாம், ஆனா கணக்கு எங்க சேவ் ஆகுதுன்னு பாருங்க

குலசேகரத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. மாமாவோட ரப்பர் கடைக்கு, ஷீட்டுக்கும் ஒட்டுப்பாலுக்கும் எடை அடிச்சா தொகை சொல்லுற மாதிரி பைத்தான்ல ஒரு கன்சோல் புரோகிராம் எழுதிருக்காராம், கடை கம்ப்யூட்டர்ல பைத்தான் கிடையாது, மாமா டபுள் கிளிக் பண்ணினா ஓடணும், ஒரே ஃபைலா குடுக்க முடியுமான்னு.

முடியும் தம்பி. பைத்தானோட பிப் (pip) வழியா பைஇன்ஸ்டாலர்ங்கிற (PyInstaller) டூலைப் போட்டுட்டு, உங்க புரோகிராமை அதுல ஒன்ஃபைல் (--onefile) ஆப்ஷனோட ஓட்டுங்க, டிஸ்ட் (dist) ஃபோல்டருக்குள்ள டபுள் கிளிக்ல ஓடுற எக்ஸ்இ ஃபைல் வந்து கிடக்கும். நோகன்சோல் (--noconsole) ஆப்ஷன் மட்டும் குடுத்துராதீங்க, எடை கேக்குற கருப்பு விண்டோவே வராது.

நிறைய பேரு மாட்டுறது இதுக்கு அப்புறந்தான். பாக்க ஒரே ஃபைலு, ஆனா ஓட்டும்போதெல்லாம் அது பைத்தான், லைப்ரரி எல்லாத்தையும் டெம்ப் ஃபோல்டர்ல அவுத்துப் போட்டு ஓடும், மூடினா அந்த ஃபோல்டரை அழிச்சிரும். ஆரம்பிக்க கொஞ்சம் லேட்டாகுறது அதனாலதான், அது போகட்டும். நீங்க டன்டர் ஃபைல் (__file__) வச்சு புரோகிராம் இருக்குற பாதையை எடுத்து அங்க கணக்கை சிஎஸ்வி ஃபைலா எழுதுறீங்கன்னா அந்த இடமே டெம்ப்தான், சாயங்காலம் மாமா மூடுனதும் அன்னைக்கு வாங்குன கணக்கு மொத்தமும் போச்சு, எரர்னு ஒண்ணுகூட காட்டாது. அதனால சிஸ் (sys) மாட்யூல்ல ஃப்ரோசன் (frozen) இருக்கான்னு, அதாவது எக்ஸ்இயா ஓடுதான்னு பாத்து, இருந்தா சிஸ் டாட் எக்ஸிக்யூட்டபிள்ல (sys.executable) இருந்து ஃபோல்டரை எடுங்க, எக்ஸ்இ கிடக்குற இடம் கிடைக்கும். ரேட்டையும் அங்கேயே ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல வைங்க, ரப்பர் ரேட்டு மாறும்போதெல்லாம் நீங்க உக்காந்து மறுபடி பில்ட் பண்ணிக்கிட்டு இருக்க முடியுமா?

கடை சிஸ்டம் விண்டோஸ் 7 தானான்னு முதல்ல கேட்டுக்கிடுங்க. பைத்தான் 3.9 முதல் அதுல ஓடாது, 3.8 வச்சு பில்ட் பண்ணணும். 32 பிட் விண்டோஸ்னா பைத்தானும் 32 பிட். உங்க லேப்டாப் லினக்ஸ்னா அதுல விண்டோஸ் எக்ஸ்இ வராது.

ஆன்டிவைரஸ் சில நேரம் இந்த எக்ஸ்இயை வைரஸ்னு தூக்கிரும். அதுக்காக மாமாகிட்ட ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணச் சொல்லாதீங்க, கடையில பேங்க் வேலையும் அதே கம்ப்யூட்டர்லதான் நடக்கும். ஒன்ஃபைலை விட்டுட்டு ஃபோல்டராவே பில்ட் பண்ணி டெஸ்க்டாப்ல ஒரு ஷார்ட்கட் வச்சுப் பாருங்க, இந்தத் தொல்லை பெரும்பாலும் குறையும், சீக்கிரமும் திறக்கும். என்னைக் கேட்டா கடைக்கு இதான் தோது, மாமாவுக்கு ஐகான் ஒண்ணு இருந்தா போதும்லா.

விண்டோ மின்னி மறைஞ்சா டபுள் கிளிக் பண்ணாம கமாண்ட் பிராம்ப்ட்ல இருந்து ஓட்டுங்க, எரர் அங்க நிக்கும்.