டாக்டர்கிட்ட கேளுங்க: கண்ணுல ஒட்டுண்ணி

கேள்வி: கான்டாக்ட் லென்ஸ் போடுறவ நான். 3 வாரமா ஒரு கண்ணுல உயிர் போற வலி டாக்டர், லைட்ட பாத்தாலே தண்ணியா கொட்டுது. முதல்ல ஹெர்பீஸ் வைரஸ்னு மருந்து குடுத்தாங்க, கேக்கல. இப்ப அமீபாவா இருக்கலாம், கருவிழிய சுரண்டி டெஸ்ட் பண்ணணும்ங்கறாங்க. சுரண்டித்தான் ஆகணுமா?

பதில்: ஆமாம்மா, தள்ளிப் போடாதீங்க. சுரண்டுறதுன்னதும் கத்தி கித்தின்னு பயப்படாதீங்க, கண்ணு மரத்துப்போக சொட்டு மருந்து விட்டுட்டு மேல இருக்கற மெல்லிசு படலத்த மட்டும்தான் எடுப்பாங்க, அத எடுத்தா மருந்து உள்ள இறங்கவும் வசதி. எடுத்தத பாக்டீரியா பூசின அகார் தட்டுல, அதாவது ஜெல்லி மாதிரி இருக்கற தட்டுல வெப்பாங்க, அவங்க சந்தேகப்படற அகாந்தமீபாங்கற அமீபா இருந்தா அந்த பாக்டீரியாவ தின்னுகிட்டே ஊர்ந்து போன தடம் மைக்ரோஸ்கோப்ல கோடு கோடா தெரியும். இதுக்கு சில நாள் ஆகும், பிசிஆர்னு கிருமியோட மரபணுவ தேடற டெஸ்ட் வசதி இருந்தா சீக்கிரம் தெரியும். சில இடத்துல கான்ஃபோகல் மைக்ரோஸ்கோப் வெச்சு கண்ணுக்குள்ளயே நேரா பாத்துடுவாங்க. போகும்போது உங்க லென்ஸ், டப்பா, சொல்யூஷன் மூணையும் கழுவாம அப்படியே எடுத்துட்டு போங்க.

முதல்ல பாத்த டாக்டர திட்டாதீங்க, ஆரம்பத்துல இது ஹெர்பீஸ் மாதிரியேதான் இருக்கும், வளையம் மாதிரி வெள்ளை விழறதெல்லாம் பெரும்பாலும் நாளானப்புறம்தான். கண்ணுல தெரியற புண்ணுக்கும் வலிக்கும் சம்பந்தமே இல்லாம வலி தாறுமாறா இருந்தா, அதுவும் லென்ஸ் போடுறவங்கன்னா, எனக்கு முதல் சந்தேகம் அமீபா மேலதான்.

மருந்து பி.ஹெச்.எம்.பி இல்லன்னா குளோர்ஹெக்சிடின், ரெண்டுமே கிருமிய கொல்ற சொட்டு மருந்து, வழக்கமா 0.02 சதவீதம். முதல் 2, 3 நாள் ராத்திரி பகல்னு பாக்காம மணிக்கு ஒரு தடவ விடணும், அலாரம் வெச்சு எழுந்திரிக்க வேண்டியதுதான், வேற வழியில்ல. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு மாசக்கணக்குல போகும், ஏன்னா இந்த அமீபா ரெட்டை ஓடு போட்டுகிட்டு சிஸ்டா சுருண்டு படுத்துக்கும், குளோரின் தண்ணிலகூட சாகாது. வலி குறைஞ்சிடுச்சேன்னு நீங்களா நிறுத்தினா திரும்ப கிளம்பிடும். ஸ்டீராய்டு சொட்டு மருந்து வீட்ல கிடந்தா தொடவே தொடாதீங்க, சிவப்ப மட்டும் குறைச்சு ஏமாத்தும், அமீபா உள்ள பரவிகிட்டே இருக்கும். லென்ஸ் இப்போதைக்கு வேண்டாம். பின்னாடி டாக்டர் சரின்னாலும் குழாய் தண்ணில கழுவறது, போட்டுகிட்டே குளிக்கறது, நீச்சல் எதுவும் கூடாது.

கேள்வி: ஆப்பிரிக்கால வேலை பாத்துட்டு வந்த அண்ணனுக்கு கண்ணோட வெள்ளைல நூல் மாதிரி புழு நெளிஞ்சு ஓடுச்சு. அப்புறம் காணோம். என்ன பண்றது?

பதில்: மத்திய, மேற்கு ஆப்பிரிக்கான்னா லோவா லோவா புழுவா இருக்கலாம், ஒரு வகை ஈ கடிச்சு வர்றது. காணோம்னா செத்துடுச்சுன்னு அர்த்தமில்ல, தோலுக்கடியில வேற பக்கம் போயிருக்கும். மறுபடி தெரிஞ்சா உடனே போன்ல வீடியோ எடுத்துட்டு டாக்டர்கிட்ட ஓடுங்க, தெரியும்போதே மரத்துப்போக வெச்சு எடுத்துடலாம். நீங்களா புழு மாத்திரை குடுத்துடாதீங்க, ரத்தத்துல குட்டிப்புழு ரொம்ப இருக்கும்போது டைஎத்தில்கார்பமசின் மாதிரி மருந்து குடுத்தா மூளைய பாதிக்கும். அதனால முதல்ல ரத்தத்துல எண்ணி பாக்கணும். அந்த குட்டிங்க பகல்லதான் ரத்தத்துல சுத்தும், ரத்தம் குடுக்க காலைல 10 மணிக்கு மேல மதியம் 2 மணிக்குள்ள கூட்டிட்டு போங்க.