எந்த லினக்ஸ் நல்ல லினக்ஸ்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: லினக்ஸின் பல வகைகளை (டிஸ்ட்ரோக்களை) வரிசைப்படுத்தும் டிஸ்ட்ரோவாட்ச் தளத்தின் பட்டியலில் முதலிடத்தில் இருப்பதையே நிறுவிவிடலாமா? (கல்லூரி மாணவர்)

பதில்: வேண்டாம். அந்தத் தளத்தில் ஒவ்வொரு டிஸ்ட்ரோவின் பக்கத்தையும் ஒரு நாளில் எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள் என்பதுதான் அங்கே கணக்கு. எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள், அது ஒழுங்காக ஓடுகிறதா என்பதெல்லாம் அதில் வராது. புதிதாக ஒன்று வந்தால் எல்லாரும் எட்டிப் பார்ப்பார்கள், எண் ஏறிவிடும்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் ஐந்து சர்வர்கள். சென்ட்ஓஎஸ் 8 என்ற சர்வர் டிஸ்ட்ரோவுக்கு நடந்ததைப் பார்த்தபின் பயமாக இருக்கிறது. தரத்தை எதை வைத்து அளப்பது?

பதில்: பயம் நியாயமானது. 2029 வரை ஆதரவு (பாதுகாப்புத் திருத்தங்கள்) உண்டு என்று நம்பியிருந்தவர்களுக்கு, 2021 முடிவோடு சரி என்று 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. அதனால் ஆதரவு எந்தத் தேதி வரை, அதற்குப் பொறுப்பு யார் என்ற இரண்டையும் சேர்த்தே பாருங்கள். டெபியன் டிஸ்ட்ரோ என்றால் மூன்று வருடம் வழக்கமான ஆதரவு, பிறகு எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) குழுவின் இரண்டு வருடம். உபுண்டு டிஸ்ட்ரோவின் எல்டிஎஸ் பதிப்புக்கு ஐந்து வருடம். ஆனால் அந்த உறுதி உபுண்டு நிறுவனமே பராமரிக்கும் 'மெயின்' பகுதியின் தொகுப்புகளுக்குத்தான். நீங்கள் போட்டிருக்கும் மென்பொருள் தன்னார்வலர்கள் பராமரிக்கும் 'யுனிவர்ஸ்' பகுதியிலிருந்து வந்ததா என்று இன்றே பாருங்கள், பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

அப்புறம், திருத்தம் வரும் வேகம். உங்கள் சர்வரில் ஓடும் என்ஜின்எக்ஸ் (வலைத்தளங்களை வழங்கும் மென்பொருள்), ஓப்பன்எஸ்எஸ்எல் (குறியாக்க மென்பொருள்) போன்றவற்றில் கடந்த ஆண்டு வெளியான ஐந்து பாதுகாப்பு ஓட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டை வெளியே தெரிந்த நாளையும் டிஸ்ட்ரோவின் திருத்தம் வந்த நாளையும் ஒரு தாளில் எழுதுங்கள். டெபியனின் பாதுகாப்புத் தளத்தில் ஒவ்வொரு பதிப்புக்கும் தனித்தனி நிலவரம் இருக்கிறது. பதிப்பு எண்ணை மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். டெபியன் பழைய பதிப்பிலேயே திருத்தத்தைச் சேர்த்துவிடும். எண் மாறாததால் ஓட்டைகளைத் தேடும் சோதனைக் கருவி சிவப்பு காட்டும், ஆனால் ஓட்டை அடைபட்டிருக்கும்.

புதியதுதான் பாதுகாப்பானது என்றும் இல்லை. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் தொகுப்பில் யாரோ நுழைத்த கள்ளவழி டெபியனின் சோதனைக் கிளைக்கும் ஃபெடோரா டிஸ்ட்ரோவின் சோதனைக் கிளையான ராஹைடுக்கும் வந்துவிட்டது. டெபியனின் நிலையான பதிப்பான ஸ்டேபிளுக்கு வரவில்லை. எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) லாகின் அரை நொடி தாமதமாவதைக் கண்டு துருவிப் பார்த்த ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளரால்தான் அது வெளியே வந்தது.

கேள்வி: பழைய 32-பிட் கணினிக்கு டெபியன் கிடைக்குமா?

பதில்: டெபியன் 12 வரைதான் அதற்கான நிறுவும் மென்பொருள் உண்டு. 13-இல் நிறுத்திவிட்டார்கள்.

கேள்வி: விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. அப்பாவின் லேப்டாப்பில் லினக்ஸ் மிண்ட் போடலாமா?

பதில்: போடலாம், ஆனால் நிறுவும் முன் யுஎஸ்பியிலிருந்து ஓட்டிப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா? மூடியை மூடித் திறந்தால் திரை திரும்ப வருகிறதா? பிரிண்டர் ஒரு பக்கமாவது அச்சடிக்கிறதா? தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்து, க, ஒ என்று அடியுங்கள். லிப்ரே ஆஃபீஸிலும் பிரவுசரிலும் 'கொ' உடையாமல் வர வேண்டும்.

இதையெல்லாம் அப்பாவே உட்கார்ந்து செய்யட்டும், நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் இருங்கள். எத்தனை முறை அவர் உங்களைக் கூப்பிடுகிறார் என்று எண்ணுங்கள். வீட்டுப் பயனருக்கு அதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது.

கேள்வி: நான் புரோகிராமர். ஆர்ச் லினக்ஸா, ஃபெடோராவா?

பதில்: ஃபெடோராவில் ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீடு, ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 13 மாத ஆதரவு. ஆர்ச்சில் வெளியீடு என்றே கிடையாது, தினமும் ஏதாவது வரும். அப்டேட் கொடுக்கும் முன் அவர்களின் அறிவிப்புப் பக்கத்தைப் படிக்கும் பழக்கம் வேண்டும். மூன்று மாதம் ஓட்டி, பழுது பார்க்கப் போன மணிநேரத்தைக் குறித்து வையுங்கள். புதிய கம்பைலர் (நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் மென்பொருள்) மட்டும்தான் தேவை என்றால் டெபியனே போதும், கம்பைலரைப் போட்மேன் என்ற கருவி உருவாக்கும் கன்டெய்னருக்குள் (மற்றவற்றைத் தொடாத தனிப் பெட்டிக்குள்) வைத்துக்கொள்ளலாம். நான் அப்படித்தான் வேலை செய்கிறேன்.