சிங்கிள் ஃபேஸில் த்ரீ ஃபேஸ் லேத்: டிரைவ் வாங்கும் முன் மோட்டாரின் மூடியைத் திறங்கள்

கேள்வி: காங்கேயம் பக்கம் ஒரு கிராமத்தில் சின்னதாக லேத் பட்டறை தொடங்குகிறேன். கோவையிலிருந்து பழைய ஆறடி லேத் ஒன்றை வாங்கி வந்து இறக்கிவிட்டேன். அதில் 3 ஹெச்.பி. த்ரீ ஃபேஸ் மோட்டார். 1 ஹெச்.பி. பில்லர் டிரில்லிங் மிஷினும் த்ரீ ஃபேஸ்தான். வீட்டை ஒட்டிய ஷெட். வீட்டு சர்வீஸிலிருந்தே சிங்கிள் ஃபேஸ் லைன் இழுத்திருக்கிறேன். கண்டென்சர் போட்டாலே ஓடும் என்கிறார் ஊர் மோட்டார் மெக்கானிக். வி.எஃப்.டி. டிரைவ் வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். யூடியூபில் இன்னொரு மோட்டாரையே கன்வெர்ட்டராக ஓட்டிக் காட்டுகிறார்கள். எதை மாட்டுவது, எப்படி மாட்டுவது?

பதில்: மூன்று பேரும் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. ஃபேஸ் மூன்றா ஒன்றா என்பது உங்கள் பிரச்சினையில் பாதிதான். மறு பாதி வோல்டேஜ். உங்கள் லைனில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட் வருகிறது. லேத் மோட்டாரோ 415 வோல்ட்டுக்குச் சுற்றியது. சாதாரண சிங்கிள் ஃபேஸ் டிரைவ் (வி.எஃப்.டி. என்று கடைக்காரர் சொல்லும் மின்னணுப் பெட்டி) ஒரு ஃபேஸை வாங்கி மூன்றாகப் பிரித்துக் கொடுக்கும், வோல்டேஜை உயர்த்தாது. 230 உள்ளே போனால் வெளியே வருவதும் அதிகபட்சம் 230தான். 415 மோட்டாரை அப்படியே அதில் கோத்தால் வெறுமனே சுற்றும்போது நன்றாகத்தான் சுற்றும், மனசும் நிறையும். டூலைக் கொஞ்சம் உள்ளே கொடுத்ததும் உறுமிக்கொண்டு நின்றுவிடும். வோல்டேஜ் 55 சதவீதமாகக் குறைந்தால் இழுவிசை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. பிறகு டிரைவ் சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார்கள்.

ஆகவே முதல் வேலை மோட்டாரின் நேம் பிளேட்டைத் துடைத்துப் படிப்பது. நம் ஊர் மோட்டார்களில் 3 ஹெச்.பி. வரை பெரும்பாலும் 415 வோல்ட்டுக்கு ஸ்டார் (மூன்று காயில்களின் ஒரு முனை ஒன்றாக முடிந்திருக்கும்) கனெக்‌ஷன். அதற்கு மேல், 5 ஹெச்.பி. முதல், டெல்டா (காயில்கள் ஒன்றோடொன்று முக்கோணமாகக் கோத்திருக்கும்). ஸ்டாரில் இருக்கும் மோட்டாரில் ஒவ்வொரு காயிலுக்கும் கிடைப்பது 415ஐ 1.73ஆல் வகுத்தது, அதாவது 240 வோல்ட். அதே காயில்களை டெல்டாவாக மாற்றிவிட்டால் உங்கள் 230 வோல்ட்டே போதும். மோட்டார் தன் முழு பலத்தையும் கிட்டத்தட்டக் கொடுக்கும். நீங்கள் வாங்கியது 5 ஹெச்.பி. லேத்தாக இருந்திருந்தால் இந்த வழி அடைபட்டிருக்கும். 3 ஹெச்.பி. என்பது உங்கள் அதிர்ஷ்டம்.

டெர்மினல் பாக்ஸின் மூடியைத் திறங்கள். ஆறு போல்ட்டும் செம்பு லிங்க்குகளும் இருந்தால் பத்து நிமிட வேலை. ஸ்டாரில் ஒரு பக்கத்து மூன்று போல்ட்டுகளும் லிங்க்கால் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். அந்த லிங்க்குகளைக் கழற்றி, எதிரெதிராக இருக்கும் போல்ட்டுகளை இரண்டிரண்டாக இணைத்தால் டெல்டா: யு1 உடன் டபிள்யூ2, வி1 உடன் யு2, டபிள்யூ1 உடன் வி2. பழைய மோட்டார்களில் ஏ, பி, சி என்று எழுதியிருக்கும், முறை ஒன்றுதான். மூன்று ஒயர் மட்டுமே வெளியே வந்திருந்தால் ஸ்டார் முடிச்சு காயிலுக்குள்ளேயே இருக்கிறது. நல்ல வைண்டிங் கடையில் கொடுத்தால் வார்னிஷைச் சூடாக்கி, முடிச்சைப் பிரித்து, ஆறு ஒயரையும் வெளியே எடுத்துத் தருவார்கள். முழு ரீவைண்டிங் தேவையில்லை. கொடுக்கும்போதே 500 வோல்ட் மெகரில் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) பார்க்கச் சொல்லுங்கள். காயிலுக்கும் பாடிக்கும் இடையே 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் அந்த மோட்டாரை டிரைவில் போடாதீர்கள். டிரைவ் தருவது வழுவழுப்பான கரண்ட் இல்லை; நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டி வெட்டித் தருகிறது, வயதான இன்சுலேஷன் அதைத் தாங்காது. மெகர் வைக்கும்போது டிரைவ் ஒயர்கள் மோட்டாரில் இருக்கவே கூடாது. இருந்தால் டிரைவின் கதை அங்கேயே முடிந்தது.

இனி கண்டென்சர் யோசனைக்கு வருகிறேன், ஏனென்றால் அதைச் சொன்ன மெக்கானிக் தன் அனுபவத்தில்தான் பேசுகிறார். த்ரீ ஃபேஸ் நேரம் முடிந்த பிறகும் தோட்டத்து மோட்டாரை இரண்டு ஃபேஸில் கண்டென்சர் வைத்து ஓட்டுவது நம் பக்கத்து விவசாயிகளுக்குப் பழகிய விஷயம். மின்வாரியத்துக்குப் பிடிக்காது என்றாலும் ஓடியது. அது ஓடியதற்கு இரண்டு காரணம். இரண்டு ஃபேஸுக்கு இடையே 415 வோல்ட் இருக்கிறது, ஆகவே வோல்டேஜ் பிரச்சினை எழவில்லை. பம்புக்கு லோடும் ஒரே சீராக இருக்கும், அந்த லோடுக்கு ஒத்த கண்டென்சரைப் போட்டு விட்டால் போதும். உங்களிடம் இருப்பது ஒரே ஃபேஸ், 230. லேத்தின் லோடோ ஒவ்வொரு வெட்டுக்கும் மாறும். ஒரு லோடுக்குச் சரியான கண்டென்சர் மறு லோடில் மூன்று காயிலுக்கும் ஏறுமாறாகக் கரண்ட் கொடுத்து ஒரு காயிலைச் சுட்டுவிடும். மோட்டாரின் சக்தியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் எதிர்பார்க்கவும் முடியாது. லேத்துக்கு வேண்டாம்.

யூடியூபில் வரும் சுழலும் கன்வெர்ட்டர் நல்ல முறைதான், ஆனால் அவை பெரும்பாலும் அமெரிக்க வீடியோக்கள். அங்கே வீட்டுக்கே 240 வோல்ட் வருகிறது, பட்டறை மோட்டாரும் பல இடங்களில் 230 வோல்ட்டுக்கே கோக்கும்படி வருகிறது. நம் ஊரில் அதே வேலையைச் செய்ய 230ஐ 415 ஆக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று தனியாக வேண்டும். நான்கைந்து மிஷின் ஒரே நேரத்தில் ஓடும் இடத்துக்கு யோசிக்கலாம். ஒரு லேத்துக்காக நாள் முழுக்க இன்னொரு மோட்டாரை வெட்டியாகச் சுற்றவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. உள்ளே 230, வெளியே 415 தரும் டிரைவுகளும் சந்தையில் உண்டு. மோட்டாரில் கை வைக்கவே வழியில்லை என்றால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

டிரைவ் வாங்கும் முன் ஒரு கணக்கு. உங்கள் 3 ஹெச்.பி., அதாவது 2.2 கிலோவாட் மோட்டார் முழு லோடில் லைனிலிருந்து சுமார் 2.75 கிலோவாட் இழுக்கும். இந்த அளவு சிங்கிள் ஃபேஸ் டிரைவின் உள்வரும் கரண்ட் 23, 24 ஆம்ப்ஸ் வரை போகும் என்று அதன் கையேட்டிலேயே போட்டிருப்பார்கள். வீட்டு ஒயரிங்கில் ஏசிக்குப் போட்ட 15 ஆம்ப்ஸ் பிளக்கில் இதைச் செருகாதீர்கள். மீட்டர் போர்டிலிருந்து தனி லைன், 6 சதுர மி.மீ. செம்பு ஒயர், 32 ஆம்ப்ஸ் சி வகை எம்.சி.பி. ஒயர் போடும் முன் சாயங்காலம் ஊரே விளக்குப் போட்டிருக்கும் நேரத்தில் வோல்டேஜைப் பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மருக்கு வெகு தூரத்தில், கடைசிக் கம்பத்தில் இருக்கும் வீடுகளில் 190க்கு இறங்கிவிடும். அங்கே டிரைவ் அடிக்கடி லோ வோல்டேஜ் காட்டி நிற்கும்.

சர்வீஸ் பற்றியும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வீட்டு சர்வீஸில் பட்டறை ஓட்டுவது கட்டணப் பிரிவு மீறல். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆவது பிரிவின்படி, பிடிபட்டால் பொருந்தும் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு கணக்கிடுவார்கள். எப்போதிலிருந்து என்று தெரியாவிட்டால் பின்னோக்கி 12 மாதத்துக்கு. தமிழ்நாட்டில் குடிசைத் தொழில், குறுந்தொழிலுக்கென்று 12 கிலோவாட் வரை தனிக் கட்டணப் பிரிவே இருக்கிறது. சிங்கிள் ஃபேஸ் சர்வீஸ் பொதுவாக 4 கிலோவாட் வரைதான். உங்கள் லேத், டிரில்லிங் மிஷின், விளக்கு, ஃபேன் எல்லாம் சேர்த்தால் மூன்றரையைத் தொடுகிறது. நாளைக்கு ஒரு வெல்டிங் செட் வைக்கும் எண்ணம் இருந்தால், தெருக் கம்பத்தில் மூன்று ஃபேஸும் ஓடினால், டிரைவுக்கான பணத்தை த்ரீ ஃபேஸ் சர்வீஸுக்கே கட்டுங்கள். அப்போது மோட்டாரின் ஸ்டார் கனெக்‌ஷனையும் தொட வேண்டாம். கம்பம் தூரத்தில் இருக்கிறது, இழுக்கும் செலவு கட்டாது என்றால் டிரைவ் போடலாம். அப்போதும் தொழிலுக்கென்று தனி சர்வீஸ் எடுத்துக்கொண்டு போடுங்கள்.

மாட்டும் முறையில் எல்லோரும் சறுக்குவது ஒரே இடத்தில். லேத்தின் பழைய ஸ்டார்ட்டரையும், முன்னும் பின்னும் ஓட்டும் சுவிட்ச்சையும் டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த சுவிட்ச்சைத் திருப்பினால் டிரைவின் உள்ளிருக்கும் பவர் மாட்யூல் போய்விடும். டிரைவிலிருந்து மோட்டாருக்கு ஒயர் நேராகப் போக வேண்டும். நடுவில் சுவிட்ச், கான்டாக்டர் (காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்), கண்டென்சர் எதுவும் கூடாது. முன் பின் திருப்பும் வேலையை டிரைவின் கன்ட்ரோல் டெர்மினலில் கொடுங்கள். பழைய சுவிட்ச்சையே அதற்குப் பயன்படுத்தலாம் என்று தோன்றும். 415 வோல்ட்டில் கருகிய அதன் கான்டாக்ட், கன்ட்ரோலின் 24 வோல்ட் சிறு கரண்ட்டைச் சில நேரம் கடத்தாது. புதுப் புஷ் பட்டன்கள் போடுங்கள், அழுத்தினால் ஓடி, கரண்ட் போய் வந்தால் தானாக ஓடாத வகையில். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். கரண்ட் போன நேரத்தில் சக்கில் (லேத்தில் வேலைப்பொருளைப் பிடிக்கும் தலை) ஜாப் கட்டிக்கொண்டிருக்கும்போது லைன் திரும்பி வந்து மிஷின் கிளம்பினால் கை போகும். பவர் வந்ததும் தானே கிளம்பும் அமைப்பு டிரைவில் இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். சிவப்பு எமர்ஜென்சி பட்டன் டிரைவுக்கு வரும் லைனையே கான்டாக்டர் வழியாக வெட்டட்டும்.

லேத்தில் 415 வோல்ட் காயில் போட்ட கான்டாக்டரோ, கூலன்ட் பம்ப்போ, விளக்கு டிரான்ஸ்ஃபார்மரோ இருக்கிறதா என்று பாருங்கள். டிரைவின் வெளிவரும் லைனில் அவற்றைத் தொங்கவிட முடியாது. கூலன்ட் பம்ப்பைச் சிங்கிள் ஃபேஸாக மாற்றி விடுங்கள்.

செட்டிங்கில் மோட்டார் வோல்டேஜ் 230, ஃப்ரீக்வென்சி 50. கரண்ட் டெல்டாவுக்கு மாற்றிய கணக்கில் இருக்க வேண்டும்: நேம் பிளேட்டில் 415க்கு 4.7 ஆம்ப்ஸ் என்றிருந்தால் 1.73ஆல் பெருக்கி 8.1. கிளம்ப 5 நொடி, நிற்க 6, 7 நொடி. நிற்கும் நேரத்தைக் குறைக்க ஆசைப்படாதீர்கள். பழைய லேத்தில் சக் மரையில் ஏறியிருக்கும், டிரைவ் வேகமாகப் பிரேக் அடித்தால் சக் கழன்று உங்களை நோக்கி வரும். அந்த மாதிரி லேத்தில் ரிவர்ஸில் கனமான வெட்டும் கூடாது. டிரைவ் இருக்கிறதே என்று கியரையும் பெல்ட்டையும் மறந்துவிடாதீர்கள். 25 ஹெர்ட்ஸுக்குக் கீழே மோட்டாரின் சொந்த விசிறி மெதுவாகி மோட்டார் சூடேறும். 30 முதல் 60 வரை குமிழில், மீதி வேகம் கியரில்.

டிரைவைச் சுவரில் நிமிர்த்தி, மேலும் கீழும் பத்து செ.மீ. விட்டு, மூடிய பெட்டிக்குள் வையுங்கள். வார்ப்பிரும்பு கடையும்போது பறக்கும் தூள் கரண்ட் கடத்தும். தகர ஷெட்டின் மே மாதச் சூடு வேறு. பெட்டிக்கு ஃபில்டர் வைத்த விசிறி போடுங்கள், ஒயர் நுழையும் ஓட்டையை அடைத்துவிடுங்கள். கதகதப்புக்கு உள்ளே போய் போர்டில் படுக்கும் பல்லி பல டிரைவுகளைக் கொன்றிருக்கிறது, கடைக்காரர் இதற்கு வாரண்டி தர மாட்டார். எர்த்தை லேத் பாடிக்கு இரண்டு இடத்திலும், டிரைவுக்குத் தனியாகவும் கொடுங்கள். வீட்டுக்குப் போட்ட 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் லைனை வெட்டும் சுவிட்ச்) டிரைவின் இயல்பான கசிவுக்கே விழலாம். அதற்காக ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி ஒயர் கொடுத்துவிடாமல், டிரைவுக்கு ஏற்ற வகையைத் தனியாக வாங்கிப் போடுங்கள்.

டிரில்லிங் மிஷினுக்கு டிரைவ் செலவு தண்டம். 1 ஹெச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டாரை அதே ஷாஃப்ட் அளவில் மாற்றி, கழற்றிய மோட்டாரை விற்றுவிடுங்கள். லேத்துக்கு அந்த யோசனை வராமல் இருப்பதற்குக் காரணம் உண்டு: சிங்கிள் ஃபேஸ் மோட்டார் முழுதாக நின்ற பிறகுதான் திசை மாறும், மரை வெட்டும்போது அது பெரிய தொல்லை.

வேலை முடிந்ததும் பெல்ட்டைக் கழற்றி மோட்டாரை மட்டும் ஓட்டி, மூன்று ஒயரிலும் டாங் டெஸ்டரை (ஒயரைச் சுற்றிப் பிடித்து கரண்ட்டை அளக்கும் மீட்டர்) வைத்துப் பாருங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று மட்டும் விலகினால் டெல்டா லிங்க்கில் தவறு இருக்கலாம். திருத்தப் போகும்போது மெயினை அணைத்துப் பத்து நிமிடம் காத்திருந்து, டிரைவின் உள் கண்டென்சரில் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டே ஒயரைத் தொடுங்கள். மெயின் அணைந்த பிறகும் அதில் 320 வோல்ட் டிசி தங்கியிருக்கும்.